வளையாதவன்

நரிச் சதுப்பிலிருந்து எடுத்த வாள்களில் ஒன்றுகூட நேராக இல்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. மற்ற எல்லாவற்றையும், பழங்காலப் போர் ஒன்றில் ஜெயித்தவர்கள் அப்போது அங்கே இருந்த ஏரியில் போடுவதற்கு முன் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போட்டிருந்தார்கள். காலால் மிதித்து மடித்திருந்தார்கள், கோடாலியால் கொத்தியிருந்தார்கள், சிலவற்றை நெருப்பில் வாட்டியும் இருந்தார்கள். தோற்றவனைக் கொன்றது போதாதென்று அவன் வாளையும் கொன்றார்கள். கடவுளுக்கென்று கொடுத்ததை மனிதன் எவனும் திரும்ப எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டுவிடக் கூடாது அல்லவா? பிறகு ஏரி தூர்ந்து சதுப்பாகிவிட்டது. ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு மேல் அந்தச் சதுப்பு ஈட்டிக் காம்பிலிருந்து தலைவாரும் சீப்பு வரை எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தது. நம் வீடுகளில் போன மாதம் வைத்த சாவியே அகப்படுவதில்லை.

அந்த ஒரே ஒரு நேரான வாளுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'வளையாதவன்'. யூட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள அந்தச் சிறிய டென்மார்க் ஊரில் ஹேண்ட்பால் அணியின் சட்டையில் அவன்தான் இருந்தான், பேக்கரியின் காகிதப் பையிலும் அவன்தான் இருந்தான். அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில், தனிக் கண்ணாடிப் பெட்டியில், தனி விளக்குக்குக் கீழே நின்றான். முந்தைய நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டியவர்களின் மண்வெட்டியில் தட்டுப்பட்டவன் அவன்.

அருங்காட்சியகத் தலைவர் டீகே ராவ்ன்ஹோல்ட் அவனைப் பற்றிச் சொல்லும் கதை பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். வடக்கே கடல் தாண்டி ஒரு படை வந்தது. நம் ஆட்கள் அதை அடித்து நொறுக்கி அவர்கள் ஆயுதங்களை எல்லாம் கொன்று ஏரியில் போட்டார்கள். ஆனால் இந்த ஒரு வாளை மட்டும் யாரும் தொடவில்லை. ஏனென்றால் இது எதிரியின் வாள் இல்லை. ஜெயித்த தலைவன் நன்றிக்காகத் தன் சொந்த வாளையே அவிழ்த்துக் கடவுளுக்குக் கொடுத்திருக்கிறான். ஆகவே இவன் நம் ஆள். டீகே இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுக்கும். முப்பது வருஷமாகச் சொல்லியும் அந்தத் தழுதழுப்பு குறையவில்லை.

இந்த நம்பிக்கையில் கை வைக்கத்தான் இலையுதிர் காலத்தில் நார்வேயிலிருந்து கீரித் வந்து இறங்கினாள்.

நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த ஆராய்ச்சிக்காரி. பிடித்ததை விடாதவள். வந்த படை நார்வேயின் மேற்குக் கரையிலிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சதுப்பில் கிடைத்த சீப்புகள் எல்லாம் பனிநாட்டுக் கலைமான் கொம்பில் செய்தவை, டென்மார்க்கில் அந்த மான் கிடையாது. வளையாதவனின் கைப்பிடிக் குமிழும் கலைமான் கொம்புதான். ஆகவே அவனும் எங்கள் பக்கத்து ஆள் என்றாள் கீரித், முதல் நாள் காபி மேஜையிலேயே.

டீகே ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவிக்கொண்டே நிதானமாகக் கேட்டார்:

"கொம்பை விலைக்கு வாங்கலாம், கீரித். அலகு ரோமாபுரிக் கொல்லன் அடிச்சது, அவன் முத்திரைகூட இருக்கு. அதுக்காக இவன் ரோமாபுரிக்காரனா?"

மேஜையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். கீரித்தும் சிரித்தாள். நல்ல பதில், சிரிக்காமல் என்ன செய்வது?

"உங்க ஆளுங்க அன்னிக்கு வாளைப் போட்டுட்டு ஓடினாங்க. இப்போ எடுத்துட்டுப் போக உன்னை அனுப்பியிருக்காங்களா?" என்றார் டீகே.

"ஓடியிருந்தா வாளோட ஓடியிருப்பாங்க. யாரும் ஓடல" என்றாள் கீரித். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவள் ஊர் ஸ்டூர்விக், மலை இடுக்கில் கடல் நுழையும் இடம். அங்கே துறைமுகத்தை ஒட்டிப் பழைய மீன் கிடங்கைப் புதுப்பித்து ஊர் வரலாற்றுக்கென்று ஒரு வீடு தயாராகிக்கொண்டிருந்தது. கோடையில் திறப்பு விழா. நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. அதற்குள் என்ன வரும் என்று கேட்டவர்களிடம் எல்லாம் கீரித் வாக்குக் கொடுத்திருந்தாள்: இந்தக் கரையிலிருந்து போய்த் திரும்பி வராத ஒருவனைக் கொண்டு வருவேன் என்று. அதே துறைமுகத்தில் ஒரு கல் நிற்கிறது. கடலுக்குப் போய் உடல்கூடக் கிடைக்காதவர்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கும். கீரித்தின் அப்பா பெயரும் அதில் உண்டு. இதை அவள் டென்மார்க்கில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆராய்ச்சியைக் கண்ணீரால் கலக்கிவிட்டாள் என்று ஆகிவிடும்.

டீகே கருமி இல்லை. மடிந்து கிடந்த வாள்களில் எது வேண்டுமானாலும் கடனாகக் கொண்டுபோகலாம் என்றார். அவை உங்கள் ஆட்களுடையவை, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஆளைத் தர முடியாது. கீரித் யோசித்துப் பார்த்தாள். கைப்பிடியோடும் குமிழோடும் முழுதாகக் கிடைத்தவன் அவன் ஒருவன்தான். மற்றவை இரும்புத் துண்டுகள், அவன்தான் ஆள். அவனும் மற்றவை போல மடித்துக் கொல்லப்பட்டவன் என்று காட்டினால் டீகேயின் கதையே அவனை வடக்கே அனுப்பிவிடும். அதைக் காட்டுவது என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

இரும்பைப் பராமரிக்கும் தோராவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. தோரா டென்மார்க்காரி, கீரித்தின் வயதுதான், வாய் நீளம்.

"நல்லா யோசிச்சுப் பாரு. எல்லாரும் தன் ஆளு ஜெயிச்சான்னு நிரூபிக்கத்தான் உசிரை விடுவாங்க. நீ ஒருத்திதான்டி உன் ஆளு தோத்தான்னு நிரூபிக்க ஒத்தக் கால்ல நிக்கறே."

"நீங்க வாயில உருளைக்கிழங்கை வச்சுக்கிட்டுப் பேசறது எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள் கீரித். டென்மார்க்காரர்களின் உச்சரிப்பைப் பற்றி நார்வேக்காரர்கள் சொல்லும் பழைய கேலி அது. ஆனால் தோரா சொன்னது அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

அந்த அருங்காட்சியகத்தில் ஒரு வழக்கம். வேலையில் யார் சொதப்பினாலும் அடுத்த வெள்ளிக்கிழமை காலை அவர் எல்லாருக்கும் கேக் கொண்டு வர வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டாம், விளக்கம் சொல்ல வேண்டாம். கேக்கை மேஜையில் வைத்தால் கணக்குத் தீர்ந்தது. டென்மார்க் முழுக்கவே இது உண்டு. கீரித் வந்த முதல் வாரத்திலேயே இரும்பு வைக்கும் அறைக் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய், ஈரம் ஏறி எச்சரிக்கை மணி அலறியது. வெள்ளிக்கிழமை பாதாம் கேக் வந்தது. டீகே இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, அடிக்கடி தப்புப் பண்ணு என்று வாழ்த்தினார். அவர் மட்டும் ஒரு தடவைகூடக் கேக் கொண்டு வந்தது கிடையாது. அதில் அவருக்கு ஒரு பெருமை. ஓய்வு பெறும்வரை இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்பார்.

குளிர்காலம் பூராவும் கீரித் கிடங்கில் உட்கார்ந்து மடிந்த வாள்களைப் பார்த்தாள். பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பது இல்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, எந்த இடத்தில் மடிந்திருக்கிறது, எந்தப் பக்கமாக மடிந்திருக்கிறது என்று வரைந்தாள். கொல்வதற்கும் ஒரு முறை இருந்தது தெரிந்தது. தரையில் கிடத்தி, கைப்பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் காலை வைத்து மிதித்து, பிடியை மேலே இழுத்திருக்கிறார்கள். அதனால் எல்லாமே ஏறக்குறைய ஒரே இடத்தில் மடிந்திருந்தன. மடிப்பின் வெளிப்பக்கம் இரும்பு இழுபட்டு வாய் பிளந்திருக்கும். உட்பக்கம் நெருக்கித் தள்ளப்பட்டுச் சுருங்கியிருக்கும். நிறைய இரும்புக் கம்பிகளை முறுக்கி ஒன்றாக அடித்த அலகுகள் என்பதால், அந்த முறுக்கின் கோடுகள் உட்பக்கத்தில் நெருங்கி நெருங்கி வரும்.

இதெல்லாம் கண்ணுக்குப் பழகிய பிறகு ஒரு நாள் மதியம் நடுக்கூடத்துக்குப் போனாள். தனி விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் கைவிளக்கைத் தாழ்த்திப் பிடித்தாள். பழைய மெழுகு பூசிக் கறுத்த அலகு. பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, கோடுகள் நெருங்குவது போல இருந்தது. 'போல'தான். ஆசை இருக்கிற கண்ணுக்கு எதுவும் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாதா? தோராவைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லாமல் விளக்கைக் கையில் கொடுத்தாள். தோரா குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். அன்றைக்கு அவள் கேலி ஒன்றும் பேசவில்லை.

டீகே ஒப்புக்கொள்ளவில்லை. எக்ஸ்ரே ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை என்றார். அது தட்டையாகக் கிடத்தி மேலிருந்து எடுத்தது, இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கும் என்றாள் கீரித். மருத்துவமனையின் பெரிய ஸ்கேனில் வைத்தால் அலகைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்த மாதிரி தெரியும். பெட்டியிலிருந்து எடுத்தால் அவன் உடைவான் என்றார் டீகே. உடையாமல் எடுப்பது என் பொறுப்பு என்றாள் தோரா. இப்படி வாரக்கணக்கில் இழுபறி நடந்தது. கீரித் ஒவ்வொரு திங்களும் அவர் அறைக்குப் போய் அதே கேள்வியை அதே குரலில் கேட்டுவிட்டு வந்தாள். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சரி, பார்ப்போம். ஆனா ஒண்ணு. உள்ள ஒண்ணும் இல்லைன்னா, இவன் எங்க ஆளுன்னு உன் ஆராய்ச்சிப் புத்தகத்துல நீயே எழுதணும். உன் கையால."

கீரித்துக்கு ஆறு வருஷ உழைப்பு, காலிப் பெட்டி, துறைமுகத்துக் கல், எல்லாம் கண் முன் வந்து போயின.

"எழுதறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, நோயாளிகள் இல்லாத நேரத்தில், வளையாதவனைப் பஞ்சணையில் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நடைபாதையில் சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போன தோராவைப் பார்த்து எதிரே வந்த கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். போர்வைக்கு அடியில் ஏதோ மெலிந்த ஆள் என்று நினைத்திருப்பார். ஸ்கேன் எடுக்கும் பெண்ணுக்கு வேறு சிக்கல். டென்மார்க்கில் பிறந்த குழந்தைக்கும் அரசாங்கம் கொடுத்த எண் உண்டு. அந்த எண் இல்லாமல் இயந்திரம் ஓடாது.

"பிறந்த தேதியாவது சொல்லுங்க" என்றாள் அவள்.

"ரோமாபுரியில வாரத்துக்கு ஒரு சக்கரவர்த்தி மாறிக்கிட்டிருந்த சமயம்" என்றார் டீகே. "நகை எதுவும் போட்டிருக்காரான்னு கேக்காதீங்க. உடம்பே இரும்பு."

எப்படியோ ஓர் எண்ணைப் போட்டு இயந்திரத்தை ஏமாற்றினாள். கட்டில் மெதுவாக வளையத்துக்குள் நுழைந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூன்று பேரும் நின்றார்கள். கீரித் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

திரையில் அலகின் குறுக்குவெட்டு வந்தது. முனையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு துண்டாக நகர்ந்தது. முனை சுத்தம். நடு சுத்தம். டீகே மூச்சு விடுவது கேட்டது. பிறகு பிடியை நெருங்க நெருங்க, அலகின் இடப்பக்கத்தில் ஒரு பிளவு வந்தது. அடுத்தது இன்னொரு பிளவு. மூன்று, நான்கு. வாய் பிளந்த மாதிரி வரிசையாக.

"பிளவு இருந்தா என்ன? அடியில மண்ணு அழுத்தினாலும் பிளக்கும்" என்றார் டீகே. குரலில் பதற்றம் இல்லை. சட்டென்று விட்டுக்கொடுக்கிற ஆளா அவர்?

"வலப்பக்கம் பாருங்க" என்றாள் கீரித்.

அதே இடத்தில், நேர் எதிர்ப் பக்கத்திலும் பிளவுகள் இருந்தன. ஒரு தடவை மடித்தால் ஒரு பக்கம்தான் பிளக்கும். கீரித் கிடங்கில் எத்தனையோ பார்த்தாயிற்று. இரண்டு பக்கமும் பிளந்த வாளை அவள் பார்த்ததே இல்லை. தோராதான் திரைக்கு அருகில் போய் விரலை வைத்தாள். அவள் பேசியது ரொம்பத் தணிந்த குரலில்.

"இடது பக்கப் பிளவு வெள்ளையாத் தெரியுது பாருங்க, கெட்டியா இருக்கு. உள்ள துரு ரொம்பியிருக்கு. சதுப்புல ஊறின துரு. வலது பக்கம் கறுப்பாத் தெரியுது. அதுல துருவே இல்லை. உள்ள இருக்கறது மெழுகு."

வாள் கிடைத்த அந்தக் காலத்தில் இரும்பை எல்லாம் உருக்கிய மெழுகில் முக்கி எடுத்துத்தான் வைப்பார்கள். பிளவுக்குள் மெழுகு போயிருக்கிறது என்றால், மெழுகில் முக்கும்போது அந்தப் பிளவு திறந்திருக்கிறது. துரு இல்லை என்றால், சதுப்பில் கிடந்தபோது அது திறக்கவே இல்லை. இடப்பக்கத்தை ஏரிக்கரையில் ஒருவன் மிதித்துப் பிளந்தான். வலப்பக்கம் பிளந்தது, இதே அருங்காட்சியகத்தில் ஒருவன் அவனை அடுப்பில் காட்டி நேராக நிமிர்த்தியபோது. வாள் என்றால் நேராகத்தானே இருக்க வேண்டும், மண்ணுக்கடியில் கிடந்து கோணிவிட்டது பாவம் என்று நினைத்திருப்பான். நல்ல மனசோடு, பொறுமையாக, ஓர் ஆதாரத்தையே தட்டி நிமிர்த்திவிட்டான்.

டீகே திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்ககிட்ட நான் எவ்வளவு தடவை சொல்லியிருப்பேன்" என்றார் கடைசியில். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜெயித்தவளுக்குச் சந்தோஷம் வர வேண்டும் அல்லவா? கீரித்துக்கு வந்தது அழுகை. திரையில் அந்த நான்கு பிளவுகளும் அப்படியே நின்றன. வாளை வைத்திருந்தவன் விழுந்துவிட்டான், அவன் கையிலிருந்து யாரோ ஒருவன் அதைப் பிடுங்கினான், தரையில் போட்டு ஏறி மிதித்தான். இத்தனை நாள் இது அவளுக்கு ஆதாரம். இப்போதுதான் அது ஒருவனுக்கு நடந்த விஷயமாக உறைத்தது. தோரா தோளில் கை போட்டாள்.

அந்த வாரம் டீகே யார் கண்ணிலும் படவில்லை. அறைக் கதவு சாத்தியே இருந்தது. கடனுக்குத் தர மாட்டார், கிழவர் இதை மனசில் வைத்துக் கருவிக்கொண்டே இருப்பார் என்று ஊழியர்கள் கிசுகிசுத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் காபி மேஜைக்கு வந்தபோது அவர் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு தட்டு. அதில் தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் மேலே உருகிப் படிந்த கேக், ஒரு ஓரம் லேசாகக் கருகியது. கடையில் வாங்கியது இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

உட்காரப் போனவர்கள் நின்றபடியே இருந்தார்கள். டீகே கத்தியை எடுத்து முதல் துண்டை வெட்டிக் கீரித்தின் தட்டில் வைத்தார்.

"நிமிர்த்தினவன் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அவன் கேக்கை யாராவது கொண்டு வரணுமில்ல." பிறகு, கத்தியைத் துடைத்துக்கொண்டே, "கோடைக்குக் கூட்டிட்டுப் போ. அடுத்த வசந்தத்துல திருப்பி அனுப்பிடு. விழுந்தது இங்கதானே, எங்களுக்கும் அவன் மேல கொஞ்சம் பாத்தியதை உண்டு" என்றார்.

கேக் உள்ளே சரியாக வேகவில்லை. எல்லாரும் கடைசித் துணுக்கு வரை சாப்பிட்டார்கள்.

அன்று மதியமே கீரித் ஸ்டூர்விக்கில் இருக்கும் ஒட்முன் மாமாவுக்குப் போன் செய்தாள். அம்மாவின் தம்பி, பழைய மீன்பிடிக்காரர், வரலாற்று வீட்டின் கட்டடக் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சங்கடமாகக் கனைத்தார்.

"அப்போ நம்ம ஆளு தோத்தவனா? ஜெயிச்சவன்னு சொல்ல வழியே இல்லையா? ஊரெல்லாம் வளையாதவன் வர்றான்னு சொல்லியாச்சு. வாசலுக்குப் போர்டு எழுதியாச்சு, என் கையாலயே எழுதினேன்."

"வளைஞ்சதாலதான் மாமா அவன் நம்மவன். வளையலைன்னா அவன் டென்மார்க்காரன்."

"தோத்தவனைப் பார்க்க யாரு வருவா, கீரித்?"

அவளுக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. ஒரு கிழவரைக் குளிர்காலம் பூராவும் எதிர்த்து நின்றாயிற்று. இன்னொரு கிழவரிடம் விட்டுக்கொடுப்பதற்கா?

"துறைமுகத்துக் கல்லுல அப்பா பேரு இருக்கு. கடல்கிட்ட அவர் ஜெயிச்சாரா தோத்தாரான்னு நீங்க என்னிக்காவது கேட்டிருக்கீங்களா, மாமா?"

அப்பா கடைசியாகப் போன படகில் அவரோடு போக வேண்டியவர் மாமா. காய்ச்சலில் படுத்துவிட்டதால் அன்று போகவில்லை. அவளுக்கு அது தெரியும். தெரிந்தேதான் கேட்டாள். மாமா போனை வைத்துவிட்டார்.

ஜூன் மாதம், மழை விட்டிருந்த காலையில், கீரித் நீளப் பெட்டியோடு கப்பலிலிருந்து ஸ்டூர்விக்கில் இறங்கினாள். தோராவும் கூட வந்திருந்தாள், பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு. கல்லைத் தாண்டிப் போகும்போது கீரித் நடையைக் கொஞ்சம் தளர்த்தினாள். வரலாற்று வீட்டின் வாசலில் ஏணி போட்டு ஒட்முன் மாமா நின்றுகொண்டிருந்தார். காலடியில் சுரண்டிய பழைய பெயிண்ட் உதிர்ந்து கிடந்தது. போர்டில் 'வளையாதவன்' இல்லை. அந்த இடத்தில் புதிதாக, எழுத்து கொஞ்சம் கோணலாக, 'வீடு திரும்பாதவன்' என்று இருந்தது.

மாமா இறங்கி வந்தார். அவளைப் பார்க்கவில்லை. தோராவின் கையிலிருந்து பெட்டியின் முனையைத் தான் வாங்கிக்கொண்டார். கனமாக இருக்கும் என்று நினைத்திருப்பார் போல. கை சட்டென்று மேலே போனது. இவ்வளவு லேசா என்பது போலக் குனிந்து பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மெதுவா வாங்க. வாசல்ல பெயிண்ட் காயல, யாரு மேலயும் படாம உள்ள கொண்டு போவோம்" என்றார்.